கண்ணாடி என்று சொன்னவள்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் தெரு அவளைக் கண்ணாடிக்காரி என்று அழைத்தது. அந்தப் பெயருக்கு வேறொரு நியாயமும் இருந்தது. அவள் உடம்பில் கிடந்த நகையெல்லாம் கண்ணாடி. பழைய சாமான் கடைகளின் அடித்தட்டுகளில் தோண்டி எடுத்த, யாரோ எப்போதோ போட்டு அலுத்துப்போன பொய்நகைகள். வைரம் வாங்க வக்கில்லாமல் இல்லை. கொள்கை.

கொள்கை வைத்திருப்பவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம், அதை விளக்காமல் இருந்தால். அவள் விளக்குவாள். அதுவும் கண் பரிசோதனைக்கு வந்தவர் மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, அசையக்கூடாது என்ற நிலையில் இருக்கும்போதுதான் விளக்குவாள்.

"வைரம் சும்மா கிடந்தாலே மின்னும். பரம்பரைப் பணக்காரன் மாதிரி. கண்ணாடி அப்படி இல்லைங்க. பின்னால தகடு வச்சு, பட்டை போட்டு, உழைச்சு மின்னணும். அதுல ஒரு மானம் இருக்கு. தூரத்துல வச்சுக் காட்டுங்க, எது கண்ணாடின்னு நான் சொல்லிடுவேன்."

மோவாயை எடுக்க முடியாதவர்கள் "உம்" என்றார்கள். அதை அவள் ஒப்புதல் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஒப்புக்கொள்ளாதவர்கள் இரண்டு பேர். கூடப்பிறந்த அக்காக்கள். பெரியக்காவின் கையில் மோதிரங்களுக்கு நடுவே விரல்களைத் தேடவேண்டியிருக்கும். சின்னக்கா காய்கறி வாங்கக்கூட வைரத் தோட்டோடுதான் போவாள். கடைக்காரர் முதலில் தோட்டைப் பார்த்து, அப்புறம்தான் தக்காளிக்கு விலை சொல்கிறார் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. குடும்பம் கூடும் இடத்தில் இருவரும் தங்கையின் கழுத்தைப் பார்ப்பார்கள்.

"என்னடி, பொம்மைக் கடையையே மாட்டிக்கிட்டு வந்துட்டே?"

"விடுங்க, உடைஞ்சா ஒட்டிக்கலாம்" என்பார் பெரியக்கா வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

இந்த இரண்டு அக்காக்களுக்கும் ஓர் அத்தானுக்கும் எதிராக அவளிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் டாக்டர்.

டாக்டர் அந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதென்று கீழே இறங்கி வந்தாள். திருகை முடுக்கிக்கொண்டே கண்ணாடிக்காரி அவள் காதைப் பார்த்தாள். நீர்த்துளி வடிவத்தில் ஒரு பச்சைக்கல், அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளைக் கற்கள், பழைய காலத்து வேலைப்பாடுள்ள தொங்கட்டான்.

"அருமையான கண்ணாடி" என்றாள். "எந்தக் கடையில பிடிச்சீங்க?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிரித்தாள். "பழசு. வீட்ல கிடந்தது."

அன்றைக்குப் பிடித்த சிநேகிதம், பத்து வருஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 'நீங்க' போய் 'நீ' வந்து, 'வாடி போடி'யும் வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து பழைய சாமான் கடை ஏறி இறங்கினார்கள். ஒருத்தி நகையை இன்னொருத்தி வாங்கிப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்காரி கேட்ட மாத்திரத்தில் கழற்றிக் கொடுப்பாள். டாக்டர் மட்டும், "கொக்கி லூசா இருக்குடி, சரி பண்ணி ரெண்டு வாரத்துல தரேன்" என்பாள். பல்லைப் போல நகையையும் பராமரிக்கிறாள் என்று கண்ணாடிக்காரி மெச்சிக்கொண்டாள். அக்காக்களிடம் பேசும்போதெல்லாம், "டாக்டரே போடறா. அவளுக்கு என்ன குறை? ரசனை" என்பாள். ரசனை என்ற சொல்லை மட்டும் சற்று அழுத்திச் சொல்வாள்.

பெரியக்கா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் விருந்து. டாக்டரையும் அழைத்திருந்தாள். கண்ணாடிக்காரி இதற்கென்றே அந்தப் பச்சைக்கல் தொங்கட்டானை முதல்முறையாகக் கேட்டு வாங்கியிருந்தாள். வழக்கமான இரண்டு வாரம் மூன்று வாரமாகி, ஒருவழியாகக் கைக்கு வந்தது. வந்ததிலிருந்து கழற்றவில்லை. "காது கொஞ்சம்கூடப் புண்ணாகலை பாருங்க. அந்தக் காலத்து உலோகம். இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்று கண் பரிசோதனைக்கு வந்த எல்லோருக்கும் சொன்னாள்.

வியாழக்கிழமை பல் கட்டுகிறவர் வந்தார். மேலே டாக்டர் எடுத்து அனுப்பும் அளவுக்கு ஏற்ப, பின்தெருவில் உட்கார்ந்து பல்லுக்கு உலோகத் தொப்பி வார்த்துத் தருகிறவர். கிட்டத்தில் பார்வை மங்கிவிட்டதென்று போன வாரம் அளவு கொடுத்திருந்தார். கண்ணாடிக்காரி புதுக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவைச் சரிபார்க்கக் குனிந்தாள். பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்திருந்தாள். அவர் அட்டையைப் படிக்கவில்லை. அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கண்ணாடி பிரமாதம்" என்றார். "அந்த மூணாவது கல்லுல பசை கொஞ்சம் வெளிய வந்திருக்கு. அன்னைக்கு என் கண்ணுக்குத் தெரியலை. கழட்டிக் குடுங்க, துடைச்சுத் தரேன்."

"எந்தக் கல்லுல?"

"உங்க காதுலதாம்மா. நான் பண்ணதுதானே. பல்லுக்கு ஊத்தற அதே உலோகம். காது புண்ணாகாது, நகை கறுக்காது. டாக்டரம்மா ஒரிஜினலை மேசையில வச்சுட்டு, அச்சு அசல் இதே மாதிரி வேணும்னாங்க. மத்த நகையெல்லாம் சுலபமா வந்துடுச்சு, இதுதான் பாடாப்படுத்திடுச்சு."

"மத்த நகைன்னா?"

அவர் சந்தோஷமாக விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். சிவப்புக்கல் வளையம். முத்து வைத்த ஊசி. நீலக்கல் பதக்கம். கண்ணாடிக்காரி இத்தனை வருஷத்தில் டாக்டரிடம் வாங்கிப் போட்ட அத்தனையும், போட்ட வரிசை மாறாமல், அவர் வாயிலிருந்து வந்தது. சுண்டுவிரலை மடக்கும்போதுதான் எதிரே நிற்பவள் முகத்தைக் கவனித்தார்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்மா" என்று சொல்லிவிட்டு, புதுக் கண்ணாடியைக் கழற்றி, வேண்டாத நேரத்தில் தெளிவாகக் காட்டிவிட்ட அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் மாடிப்படி ஏறினாள்.

டாக்டர் அறையில் ஒரு பருத்த மனிதர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊசி போட்டு, வாய் மரத்துப்போகக் காத்திருக்கிறார். கன்னத்துக்குள் பஞ்சு. டாக்டர் காதில் அதே பச்சைக்கல் தொங்கட்டான்.

அவளைப் பார்த்ததும் டாக்டரின் கை காதுக்குப் போய், பாதி வழியில் திரும்பியது.

"நிஜமா அது?" என்றாள் கண்ணாடிக்காரி.

"கீழ போ, பேஷண்டை முடிச்சுட்டு வரேன்."

"அவரால பேச முடியாது. நீ பேசு. நிஜமா?"

டாக்டர் முகமூடியை இறக்கினாள். "மரகதம். சுத்தி இருக்கறது வைரம். மாமியாரோட அம்மாவுது."

"எல்லாமேவா?"

"எல்லாம்தான்."

நாற்காலியில் இருந்தவரின் கண்கள் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு நகர்ந்தன.

"நான் பொய் சொல்லலைடி" என்றாள் டாக்டர். "நீதான் முதல்ல கண்ணாடின்னே. அவ்வளவு நிச்சயமா சொன்னே. புதுசா வந்த இடம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இல்லைங்க இது மரகதம்னு நான் சொல்லியிருந்தா, திருகை முடுக்கிக் கையில குடுத்து அனுப்பியிருப்பே. ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டே."

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கண்ணாடிக்காரிக்குக் கோபம் கூடியது.

"சரி. முதல் நாள் சொல்லலை. ரெண்டாம் நாள்? பத்து வருஷம் கழிச்சு?"

"அப்புறம் அது வசதியா இருந்தது." இதைச் சொன்ன விதம், ஒரு பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று நோயாளியிடம் சொல்லும் விதம். "ராத்திரி தனியா நடந்து வீட்டுக்குப் போறேன். திருட்டுப் பயம் இல்லை. கடன் கேக்கறவங்க இல்லை. கண்ணு வைக்கறவங்க இல்லை. ஏன்? கண்ணாடிக்காரியே கண்ணாடின்னு சொல்லிட்டா. வர்றவன் போறவன்கிட்டல்லாம் நீ சொல்றே. இந்தத் தெருவே நம்புது. எந்தப் பாங்கு லாக்கர் இவ்வளவு பத்திரம்?"

கண்ணாடிக்காரி அங்கே கிடந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மெதுவாக ஒரு பக்கமாகத் திரும்பி, அவளைச் சுவரைப் பார்க்க வைத்தது. காலால் உந்தித் திரும்பி வந்தாள். கோபமாக இருக்கும்போது அந்த மாதிரி நாற்காலியில் உட்காரவே கூடாது.

"அப்ப எனக்கு எதுக்கு நகல்?"

"நீ கழட்டி வாஷ்பேசின் மேல வச்சுட்டு மறந்துடுவே."

"நான் குடுத்ததையெல்லாம் நீ போட்டியே. அது?"

"போட்டேனே. அழகாதான் இருந்தது." கொஞ்சம் யோசித்து, உண்மையைச் சொல்லிவிடும் வேகத்தில் இதையும் சேர்த்தாள்: "கண்ணாடிக்கு அது நல்லாதான் இருந்தது."

கண்ணாடிக்கு. அந்த ஒரு சொல்லோடு பத்து வருஷமும் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. மரகதம் மரகதமாக இருந்ததைக்கூட மன்னித்திருப்பாள். தான் ஆசையாகக் கழற்றிக் கொடுத்ததையெல்லாம் இவள் இத்தனை காலமும், பக்கத்து வீட்டுக் குழந்தை கிறுக்கிக் காட்டிய படத்தைப் பாராட்டுவதுபோலப் பாராட்டி வந்திருக்கிறாள்.

"ஆங்... ஆ..." என்றார் நாற்காலிக்காரர். வாய் மரத்துவிட்டது என்று அர்த்தம்.

டாக்டர் கையுறையை மாட்டினாள். "இப்படித் தெரிஞ்சதும் நல்லதுக்குதான். எனக்கும் அலுத்துப்போச்சு. நிஜத்தைப் போட்டுக்கிட்டு ஒருத்தர்கூட நிஜம்னு பார்க்காம இருக்கறது என்ன பிழைப்பு? ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க அக்காங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"அவங்களுக்கு வைரம் தெரியும் இல்லையா."

கண்ணாடிக்காரி இறங்கிவந்தாள். நகலைக் கழற்றி, உடைந்த சட்டங்கள் போடும் டப்பாவில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெறும் காதோடு போனாள். அக்காக்கள் அதைக் கேலி செய்யும் முன்பே டாக்டர் வந்து இறங்கினாள். காதில் பச்சைக்கல், கழுத்தில் அதற்கு ஜோடியாக அட்டிகை, விரலில் மோதிரம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்ததும் பெரியக்கா வழக்கமான அன்போடு தொடங்கினாள்.

"டாக்டரம்மா, இன்னைக்குக் கண்ணாடிக் கடையையே காலி பண்ணிட்டீங்க போல?"

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தாள். இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"இது கண்ணாடி இல்லைங்க. மரகதம். இதெல்லாம் வைரம். பரம்பரை நகை."

அக்காக்கள் இருவரும் குனிந்து அட்டிகையைப் பார்த்தார்கள். பிறகு சின்னக்கா சிரித்தாள். பெரியக்கா சிரித்தாள். வீட்டுக்காரர் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார்.

"எங்க தங்கச்சிகூடச் சேர்ந்து உங்களுக்கும் பேச வந்துடுச்சு" என்றாள் சின்னக்கா.

"நிஜமாதாங்க சொல்றேன்."

"டாக்டரம்மா, எங்ககிட்டயேவா?" பெரியக்கா தன் கையை நீட்டி டாக்டரின் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "வைரம்னா இப்படிப் பளிச்சுன்னு கண்ணைக் குத்தணும். உங்களுது பாருங்க, அழுது முடிச்ச மாதிரி இருக்கு."

"அது பழைய பட்டை. அந்தக் காலத்துல அப்படித்தான் வெட்டுவாங்க."

"உடைஞ்சா ஒட்டிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரின் காது சிவந்தது. வைரம் தெரிந்தவர்கள் என்று நம்பி வந்த இடத்தில், அவர்களுக்குத் தெரிந்தது வைரத்தின் விலைச்சீட்டு மட்டும்தான் என்பது அவளுக்கு உறைக்க நேரமானது. மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

"நீ சொல்லேன்டி."

எல்லோரும் கண்ணாடிக்காரியைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் நகை விஷயமாக அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுவே முதல் தடவை.

"ஆமா, இவதானே நிபுணர். சொல்லுடி, என்ன கல் அது?" என்றாள் பெரியக்கா.

அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் மேலே விழும்படி டாக்டர் கழுத்தைச் சற்றுத் திருப்பிக் காட்டினாள். பச்சையாக இருந்தது, அழகாக இருந்தது, அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டப்பாவில் கிடப்பதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாலும் தெரியாது. அது டாக்டர் செய்ததைவிடக் கேவலமாக வலித்தது.

"கண்ணாடிதான்க்கா" என்றாள். "நல்ல கண்ணாடி."

டாக்டர் கரண்டியை மறுபடி எடுக்கவில்லை. யாருக்கோ பல்வலி என்று போன் வந்ததாகச் சொல்லி, இனிப்பு வருவதற்கு முன்பே எழுந்துகொண்டாள். போன் அடித்ததை யாரும் கேட்கவில்லை. வாசல்வரை கண்ணாடிக்காரிதான் கூடப் போனாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு டாக்டர், "திருப்தியா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

சமையலறையில் பெரியக்கா மோதிரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தட்டு கழுவ ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள்.

"நல்ல பொண்ணுடி உன் டாக்டர்" என்றாள் பெரியக்கா. "என்ன துணிச்சலா நம்மகிட்டயே கதை விடறா. அப்படியே உன்னை மாதிரி."

"அவ என்னை மாதிரி இல்லைக்கா."

பெரியக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி, சண்டையா? வந்ததுலேர்ந்து ஒரு மாதிரிதான் இருக்கே. உன்னை என்ன பண்ணா?"

கிண்டலில்லாமல்தான் கேட்டாள். பல வருஷத்தில் அக்கா அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிடலாம் என்று கண்ணாடிக்காரிக்குத் தொண்டைவரை வந்தது. சொல்வதென்றால் முதலில் அந்தக் கல் மரகதம் என்று சொல்லவேண்டும். அதை இந்த வீட்டில் இனி யாரும் நம்பமாட்டார்கள். கொஞ்சம் முன்னால்தான் இவளே எல்லோருக்கும் எதிரில் சொல்லி முடித்திருக்கிறாள்.

"ஒண்ணும் பண்ணலை" என்றாள். "தட்டைக் குடு."