ஒப்பிட்டுப் பார்க்க இருந்தவர்கள்

பெமிலா அப்பாவின் வலது காலுக்கு வெள்ளை சாக்ஸை மாட்டி, சுருக்கமில்லாமல் கணுக்காலுக்கு மேலே இழுத்துவிட்டாள். சவப்பெட்டி கொண்டுவந்தவன் கொடுத்த பொட்டலத்தில் இன்னொரு சாக்ஸ் மீதி இருந்தது. அதை என்ன செய்வதென்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு இடது கால் முட்டுக்குக் கீழே இல்லை. போன வாரம்தான் எடுத்தார்கள். எடுத்தும் பிரயோஜனமில்லாமல் விஷம் ரத்தத்தில் ஏறி, நேற்று மத்தியானம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அப்பா ராஜையன் கண்ணை மூடினார்.

"அந்தப் பக்கம் துணியச் சுருட்டி வச்சு வேட்டிய எறக்கிவிடு மக்களே. பாக்கிறவியளுக்குத் தெரியண்டாம்" என்றார் செல்வதாஸ் மாமா. அவர் அப்பாவின் கூட்டாளி. திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இரண்டு பேரும் ஒன்றாகப் பால் வெட்டினவர்கள், ஆலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"தெரிஞ்சா என்ன?" என்று கேட்டாள் பெமிலா. கேட்டாளே தவிர, துணியைச் சுருட்டி வைக்கத்தான் செய்தாள்.

வெளியே பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான் தம்பி ஜெனித். வடசேரியில் வாடகை வீடு, ஒரு தனியார் கல்லூரியில் மேலாண்மை வாத்தியார் வேலை. ஐந்து வருஷமாக பிஎச்.டி.யும் செய்கிறான். சர்க்கரை மாதிரி தீராத வியாதி உள்ளவர்களின் பராமரிப்பை எப்படி ஒழுங்காக நடத்துவது என்பதுதான் ஆராய்ச்சி. இந்த வீட்டில் வேதப்புத்தகத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். கிறிஸ்மஸ் முடிந்த கையோடு, ஆராதனை விட்டு வருகிறவர்களை அப்பாதான் ஆலய வாசலில் மறித்து நிறுத்தினார்.

"சுகர் உள்ளவிய எல்லாம் பேரு குடுத்துட்டுப் போங்க. எனக்க மவன் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கான்."

முதல் பேர் அவருடையது. அடுத்தது அம்மா லீலாபாய். அதற்கு அடுத்தது செல்வதாஸ் மாமா. பிறகு சபையே வரிசையில் நின்றது. ரத்தம் எடுத்தார்கள், ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதோடு சரி, ஒரு சத்தமும் இல்லை. கேட்டதற்கு, ஓணத்துக்கு இன்னொரு தடவை எடுப்போம் என்றான் ஜெனித். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று அவரவர் ஜோலியைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பத்து மணி வாக்கில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே வேறு சபை. அவர்களில் பூங்கனி என்ற பெண் நேரே வந்து பெமிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன எனக்குத் தெரியாது பிள்ளே. உனக்க தம்பிய அறிவேன். அவன் நல்லாருக்கணும். எனக்க மாப்பிளைக்க காலு இப்பம் ஒடம்போட இருக்குண்ணா, அது அவனாலதான்."

பெமிலா விழித்தாள்.

"ஒண்ணுவிட்ட சனிக்கிழம நர்சு பிள்ள ஒண்ண அனுப்புவான்லா, சஜிதாண்ணு. ஆலய ஹாலுல எல்லாரையும் இருத்தி, நைலான் நூலு போல ஒண்ண வச்சு காலத் தொட்டுத் தொட்டு, தெரியுதா தெரியுதாண்ணு கேப்பா. உள்ளங்காலப் பாக்க வீட்டுக்கொரு கண்ணாடி தந்தாவ. புதங்கெழம ஆனா போன் வரும், காலப் பாத்தாச்சாண்ணு. இவருக்கு ஆணி குத்தி இருந்தது இவருக்கே தெரியல பாத்துக்க. அந்தப் பிள்ளதான் கண்டுபிடிச்சா. அண்ணைக்கே கொண்டுபோனோம், காலு தப்பிச்சு." பெட்டியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு எப்பிடி இப்பிடி ஆச்சு? வீட்டுக்குள்ளயே ஆள வச்சிட்டு விட்டுட்டியளே."

கள்ளமில்லாத பேச்சு. அதனாலேயே சுருக்கென்று தைத்தது. "இஞ்ச நர்சு யாரும் வரல்ல" என்று மட்டும் சொன்னாள் பெமிலா.

ஈஸ்டர் அன்று மத்தியானம் அவள் கண்முன் வந்தது. புதுச்செருப்பு கடித்து அப்பாவின் இடது குதிகாலில் காசு அகலத்துக்குக் கறுத்திருந்தது. ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, "லே, இது என்னண்ணு பாரு" என்றார். ஜெனித் குனிந்து பார்த்தான். நன்றாகவே பார்த்தான். "ஆஸ்பத்திரியில ஒண்ணு காட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பெமிலா பக்கத்து வீடுதான், மாப்பிள்ளை மஸ்கட்டில். அப்பா அம்மாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். காரைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். அப்பா அசையவில்லை.

"அதையே படிக்கவன் பாத்துட்டு சும்மா இருக்கான். பெரிசா இருந்தா அவன் விடுவானா?"

பெமிலாவும் அப்படித்தான் நம்பினாள். படித்தவன் வாய் திறக்கவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஒரு வாரத்தில் காலுக்குக் கிட்டப் போக முடியாத நாற்றம் வந்தது. அப்புறம் செய்ததெல்லாம் காலம் கடந்துதான்.

அவள் ஜெனித்தை வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கரையில நர்சு வந்து காலு பாக்குதாம். இஞ்ச ஏன் வரல்ல?"

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. "இப்பம் இதப் பேசணுமா அக்கா?"

"இப்பம்தான் பேசணும்."

வகுப்பில் சொல்கிற மாதிரி சொன்னான். "ஒரு சபைக்குச் சொல்லிக் குடுக்கணும். இன்னொரு சபைய சும்மா விடணும். பிறவு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். அப்பம்தான் சொல்லிக் குடுத்ததுல பலன் உண்டாண்ணு தெரியும்."

"சும்மா விட்டது நம்மளயா?"

"அங்க ஏதாவது செஞ்சு குடுத்தாத்தான் ஆளு வரும். இஞ்ச ஒண்ணும் குடுக்கண்டாம். அப்பா சொன்னா வருவாவ."

சொந்த ஊர்க்காரன் என்றால் இளக்காரம்தான். பெற்ற அப்பன் என்றால் அதைவிட இளக்காரம்.

"ஈஸ்டருக்கு அந்தப் புண்ண நீ பாத்தியே மக்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேனே. அதுக்கு மேல நான் சொல்லப்பிடாது. அப்பாவுக்குச் சொன்னா செல்வதாஸ் மாமாவுக்குச் சொல்லுவாரு, மாமா சபை முழுக்கச் சொல்லுவாரு. பிறவு ஒப்பிட என்ன இருக்கு? அஞ்சு வருசம் வெள்ளத்துல போயிரும்." அவன் கண் கலங்கிவிட்டது. "இத முடிக்கல்லண்ணா காலேஜில நிப்பாட்டிருவாவ. ரெண்டு பிள்ளையளயும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? இப்பிடி ஆகும்ணு நான் கண்டனா?"

அவன் அழுதது பொய்யில்லை. அப்பா மேல் உயிராக இருந்தவன்தான். அது தெரிந்திருந்ததால் அவளுக்கு இன்னும் கசந்தது.

"சொல்லிக் குடுத்ததுல பலன் உண்டாண்ணு இப்பம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

ஜெனித் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மிச்சம் உள்ளவிய?"

"ஓணம் வரைக்கும்தான் அக்கா. முடிஞ்ச பிறவு இவியளுக்கும் எல்லாம் சொல்லிக் குடுப்போம். அது முதல்லயே தீர்மானிச்சதுதான்."

"அப்பாவுக்குமா?"

அதற்குள் ஆலய மணி அடிக்கத் தொடங்கியது. பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். ஜெனித் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனான்.

ஆலயத்தில் பாஸ்டர் ராஜையனின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். உழைப்பாளி, ஓய்வுநாள் தவறாதவர், நோயாளிகளுக்காகவே தன் கல்வியை அர்ப்பணித்த ஒரு மகனை இந்தச் சபைக்குத் தந்தவர் என்றார். முன்வரிசையில் ஜெனித்தின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பெமிலாவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்பா பெட்டியில் கிடக்கிறார். அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒன்றே ஒன்றை அவர் முன்னால் வைத்தே போட்டு உடைக்க மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சுகளைப் பார்த்தாள். யார் யாருக்கு சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பின்னால் வரிசையில் நின்று பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, பாஸ்டர் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் முற்றத்துக் குழாயில் கைகால் கழுவிவிட்டுப் பந்தலுக்குள் கஞ்சி குடிக்க ஏறினார்கள். சிமெண்டுத் தரையெல்லாம் ஈரக்கால் தடம். அதில் ஒரு தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. குழாயிலிருந்து பெஞ்சு வரைக்கும் ஒன்றுவிட்டு ஒன்று சிவந்திருந்தது. பெமிலா அதைப் பிடித்துக்கொண்டே போனாள். செல்வதாஸ் மாமா கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்தக் காலத் தூக்குங்க."

"என்னத்துக்கு மக்களே?"

அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். உள்ளங்காலில் பாட்டில் சில்லு ஒன்று பாதிக்கு மேல் உள்ளே ஏறியிருந்தது. ஆலய வாசல் கூட்டத்தில் செருப்பு கிடைக்காமல், கல்லறைத் தோட்டத்துக்கு வெறுங்காலோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்.

"இது எப்பம் குத்திச்சு?"

"எது?" என்று கேட்டார் செல்வதாஸ். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பெமிலா பிடுங்கவில்லை. ஒரு துணியை வாங்கி, சில்லு அசையாமல் சுற்றிக் கட்டினாள். பக்கத்து வீட்டுப் பிரதீஷிடம் கார் எடுக்கச் சொன்னாள். மாமாவை ஏற்றி அனுப்பிவிட்டு, பந்தலைப் பார்த்துத் திரும்பினாள்.

"சுகர் உள்ளவிய ஒருத்தரும் கஞ்சி குடிக்கண்டாம். முதல்ல இஞ்ச வந்து இருங்க. எல்லாருக்க காலையும் நான் பாக்கணும். அக்கரைக்கு வார அந்த நர்சு பிள்ளைய நாளைக்கு இஞ்ச கூட்டிக்கிட்டு வருவேன்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. செல்வதாஸின் காலைப் பார்த்திருந்தார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஜெனித் கஞ்சி வாளியோடு ஓடிவந்தான்.

"அக்கா, வேண்டாம். சொன்னாக் கேளு. இப்பம் நீ பாத்தா எனக்க படிப்பு போச்சு."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது.

"நீ போய்க் கஞ்சி விளம்பு" என்று சொல்லிவிட்டு, பெமிலா முதல் காலை எடுத்து மடியில் வைத்தாள்.

வாசல்படியில் அம்மா நின்றாள். காலையிலிருந்து பெட்டியின் தலைமாட்டை விட்டு எழாதவள், வெள்ளைச் சேலையோடு பந்தலுக்கு வந்தாள். மகள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மக்கா, அவ எனக்க காலையும் பாத்தா உனக்க படிப்புக்குக் கெடுதி ஒண்ணும் வராதில்லியா?"

ஜெனித் வாளியோடு நின்றான். கரண்டியிலிருந்து கஞ்சி தரையில் சொட்டியது. அம்மா உட்காரவில்லை. சேலையைக் கணுக்கால் தெரியுமளவுக்குத் தூக்கிப் பிடித்தபடி, அவன் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.