பெஞ்சின் நாலாவது கால்

"மெதுவா, மெதுவா... தலைப்பக்கம் தாழ்த்தாதீங்க" என்று சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் அப்பாவைப் பெஞ்சில் இறக்கிவிட்டார்கள். பெஞ்சு 'டக்'கென்று ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

மகள் தரையைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

தெருவுக்கே தெரிந்த கதைதான். அப்பா கதவு, ஜன்னல் பொருத்துகிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன், சட்டைப்பையிலிருந்து விரல் நீள ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் அதே பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சில்லை எடுத்து மேசைக் காலடியில் செருகுவார். மெல்லியது நீலம், தடித்தது சிவப்பு. வந்த காரியம் மறந்தாலும் இது மறக்காது. அவருக்கு வாய்த்த மருமகனோ டைல்ஸ் ஒட்டுகிறவன். கேட்க வேண்டுமா?

இரண்டு வருடத்துக்கு முன், மகள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, தன் கையால் செய்த பெஞ்சைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். ஆடியது. வீடு நிறைய ஆட்கள். சிவப்புச் சில்லைச் செருகிவிட்டு, "மாப்பிள்ளை போட்ட தரைக்கு மாமனார் முட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சில்லைப் பிடுங்கி வாசலில் எறிந்தான்.

"என் தரையைக் குத்தம் சொல்றவரு என் தரையை மிதிக்க வேணாம்."

அவரும் மிதிக்கவில்லை. மகள்தான் டீக்கடை வாசலில் அப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டு, காய் வாங்கப் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று, பாதி பொருத்திய கதவின் அருகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மாடி அறைக்கு ஒற்றை ஆள் ஏறும் படி. வேறு வழியில்லாமல் இங்கே கொண்டுவந்தார்கள். அவன் மறுக்கவில்லை.

"போய்ச் சேர்ந்தும் மாப்பிள்ளை தரையை விடமாட்டேங்கிறாரு பாரு மனுசன்" என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா காதோடு சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

மகள் குனிந்து பார்த்தாள். தரையைத் தொடாமல் நின்றது, வார்னிஷ் வழிந்து உறைந்திருந்த கால். அன்றைக்கு ஜன்னலோரத்தில் தூக்கிக்கொண்டு நின்றதும் இதே கால்தான். பெஞ்சு இப்போது நடுக்கூடத்தில் கிடக்கிறது. இடம் மாறியும் கால் மாறவில்லை. ஊரெல்லாம் மட்டம் பார்த்தவர், தான் செய்த பெஞ்சில் ஒரு காலைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்.

கணவனும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா சட்டை எங்க?"

மூலையில் இருந்த துணிப்பையைக் காட்டினாள். அவன் அதிலிருந்த சட்டையின் பையில் ரசமட்டத்தைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தான். குமிழி நடுக்கோட்டில் நின்றது. குறுக்காகத் திருப்பி வைத்தான். அப்போதும் நடுவில்தான். இவன் வாயைத் திறந்தால் போதும். இரண்டு வருட அவமானம் தீர்ந்துவிடும். கண்மூடிக் கிடக்கிறவரின் பேர் இத்தனை பேர் முன்னால் போய்விடும்.

"ஏங்க..." என்றாள்.

"என்ன மாப்ள, தரைதானே?" என்றார் சித்தப்பா.

அவன் ரசமட்டத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"ஆமா மாமா. தரைதான். கொஞ்சம் வாட்டம் விழுந்து சாஞ்சிருக்கு. அவரு சரியாத்தான் சொன்னாரு."

தையல்காரம்மா, நான் சொல்லவில்லையா என்பதுபோல் பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

அவன் மண்டியிட்டு, மாமனாரின் சட்டைப்பையில் கிடந்த சிவப்புச் சில்லைக் காலடியில் செருகினான். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. அப்பா ஆடாமல் கிடந்தார்.

மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிய பிறகு, மகள் கூடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுக்கூடத்திலேயே வட்டமாகப் பரவி நின்றது.

எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது.

மகள் துடைப்பத்தை எடுத்து, தண்ணீரை அவசரமாக வாசல் பக்கம் தள்ளினாள். பெஞ்சருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து, சில்லில் துடைப்பம் படாமல் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு போனாள்.