பன்னிரண்டாம் கல்

கோடைக் கதிரவன் நெடும்பகல் முழுதும் காய்ந்தும் சினம் கொள்ளாது, வேட்டர்ன் ஏரியின் நீலத்தைத் தொட்டு, விளைந்து நின்ற வயல்களைக் கடந்து, கூரையிழந்த ஆல்மெஸ்தா கன்னியர் மடத்தின் சுவர்களில் மெல்லச் சாய்ந்திருந்தான். முந்நூறாண்டுகள் மகளிர் இறைவனைப் பாடிய அவ்விடத்தில், அரசன் மடத்தைக் கலைத்த நாள்முதல் குருவிகளே பாடின.

ஆண்டுக்கொரு முறை அதனைக் காண வருவோர்க்கு வழிகாட்டியவர் தூர்கெல் என்னும் உழவர். மடத்தலைவியர் பன்னிருவரின் கல்லறைப் பலகைகளில் பதினொன்றே எஞ்சியிருந்தன. ஒவ்வொன்றிலும் தலைவிக்குரிய வளைகோல் செதுக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டாவது கிடந்த பள்ளத்தருகே நின்று, "இதைப் படைவீரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். சொல்லும்போது பள்ளத்தைப் பார்த்தாரில்லை.

பின்னர் அவர் மனைவி சிக்பிரித் சுட்ட மெல்லிய ரொட்டி பரிமாறப்பட்டது. மாவு தேய்க்கும் பழங்கல்லிலிருந்து அதன் அடியில் படியும் கொக்கி வடிவம் ஊருக்கே பெருமை. அவ்வாண்டு புதிதாய் வந்திருந்த குன்வோர் என்னும் செவிலி, தன் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அருகிருந்த கல்லறைப் பலகையைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுவும் அதுவும் ஒண்ணு மாதிரியில்ல இருக்கு?"

"படைவீரங்க போற வழியில உங்க வீட்டுல ரொட்டி சுட்டுட்டுப் போனாங்களாடா, தூர்கெல்?" என்றார் பக்கத்து வயற்காரர் யால்மார். எல்லோரும் நகைத்தனர். தாமும் நகைத்திருந்தால் தூர்கெல் தப்பியிருப்பார். அவர் பெயரும் தப்பியிருக்கும். அவரோ நகைக்காது தொப்பியைக் கழற்றினார்.

"எங்க கொள்ளுத்தாத்தா வண்டியில ஏத்திட்டு வந்த கல்லு. அப்பா சாகும்போது சொன்னாரு. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

நகைப்பு அவிந்தது. சிக்பிரித் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ முப்பது வருஷமா அந்தம்மா நெஞ்சுமேலயா நான் மாவு தேய்ச்சேன்? எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

மறுநாள் யால்மாரும் தூர்கெலும் கல்லைச் சுமந்துவந்து பள்ளத்தில் கிடத்தினர். எத்துணைத் தேய்த்துக் கழுவியும் எழுத்துகளின் ஆழத்தில் இறுகிய மாவு நீங்கவில்லை. மற்றைப் பதினொரு பெயர்களும் மழையில் மங்கிக் கிடக்க, ஹெல்விக் என்னும் பன்னிரண்டாம் தலைவியின் பெயர் மட்டும் வெள்ளை வெளேரெனத் தெரிந்தது.

அடுத்த கோடையிலும் ஊரார் வந்தனர். அக்கல்லைக் குனிந்து நோக்கியே, "இதை எடுத்தது நாங்கதான்" என்று தொடங்கினார் தூர்கெல். பின்னர் வந்த ரொட்டியில் கொக்கி இல்லை. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கண்ணியமே அவரை எந்த ஏச்சினும் ஆழமாகச் சுட, தட்டை ஏந்தியபடி தலைகுனிந்து நின்றார்.