கம்பி வழியாக ஒரு பொரிப் பொட்டலம்

ஊரெல்லாம் ஜனவரியில் புது வருஷத்துக்குத் திட்டம் போடும். எங்கள் வீட்டில் மட்டும் ஆயுத பூசை அன்று சாயங்காலம். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் பூசையே கிடையாது. என் வீட்டுக்காரர் பீம்ராவ், புளியந்தோப்பில் புத்தர் படம் ஒன்றை மட்டும் மாட்டிய வீட்டில் வளர்ந்தவர். இருந்தாலும் அந்த நாளை நான் விடுவதாக இல்லை. அன்றைக்குத்தான் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

அது தொண்ணூற்றெட்டு. எண்ணூர் போகிற ரோட்டில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கம்பெனி ஒன்றில் சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை. அப்போது பிரசவ லீவில் இருந்தேன். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் குடும்பத்தை உள்ளே விடுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருப்பார்கள். அப்பா ஓட்டுகிற மிஷினைப் பிள்ளைகள் பயந்து பயந்து தொட்டுப் பார்க்கும். நானும் பட்டுப் புடவை கட்டி, கைக்குழந்தை மதியைத் தூக்கிக்கொண்டு போனேன். லிஸ்டில் என் பேர் இல்லை என்றான் வாட்ச்மேன். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

உள்ளேயிருந்து மேனேஜர் சண்முகவேல் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாக ஒரு பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

"வீட்டுல இருந்து புள்ளையப் பாத்துக்கம்மா."

என்னோடு வேலை பார்த்தவர்கள் குடும்பம் குடும்பமாக என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் என்னைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிச்சைக்காரிக்குப் போடுகிறாற்போல அந்த ஆள் நீட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேனே, அதைத்தான் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

பீம்ராவ் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் உட்கார்ந்து நிதானமாக இறக்குகிற வேலை, மனுஷனும் அப்படித்தான். வேறு வேலை கிடைக்கும், விட்டுத்தள்ளு என்று சாயங்காலம் முழுக்கச் சமாதானம் சொன்னார். நான் கேட்கவில்லை.

"அந்தக் கேட்டு வழியா நான் மேடமா உள்ள போவணும். அந்த ஆளு வெளிய நிக்கணும்."

"அதுக்கு ஒரு வருசம் பத்தாது செங்கொடி. இந்த வருசம் இன்னா பண்ணப் போற, அத்த சொல்லு."

எங்கள் வருஷத் திட்டம் தொடங்கியது இப்படித்தான். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனிகள் தரச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சான்றிதழுக்கு ஒரு கம்பெனியைத் தயார் செய்து கொடுக்கிற ஆலோசகர் ஆவது என்று முடிவு செய்தேன். முதல் வருஷம் அதற்கான படிப்பு. அடுத்த வருஷம் சாத்தாங்காட்டுப் பட்டறைகளில் வாசல் வாசலாக ஏறி வாடிக்கை பிடித்தேன். அப்புறம் ஸ்கூட்டர். அப்புறம் பெரிய கம்பெனிகள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்தக் கேட்டுக்குக் கொஞ்சம் கிட்டே போனேன். தெரிந்த கம்பெனிகள் பொரியும் கடலையும் அனுப்பிவைக்கும். நான் ஒரு வாய் தொட்டதில்லை.

மதி முதல் அடி எடுத்து வைத்தபோது நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன். காய்ச்சலில் கிடந்தபோது ஓசூரில். சோறு ஆக்கினது, ஜடை பின்னினது, ஸ்கூலில் கையெழுத்துப் போட்டது எல்லாம் பீம்ராவ்தான். மதியின் டீச்சர் ஒருமுறை அவரிடம் பரிதாபமாக, சம்சாரம் தவறி எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டாராம். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மதி சிரிக்கவில்லை. நானும் அதைக் கவனித்தேன், ஆனால் மறுநாள் விடிகாலையில் எனக்கு வண்டி இருந்தது.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மிஷின் பார்த்துவிட்டு வருகின்றன, நான் எப்போது பார்ப்பேன் என்று மதி வருஷா வருஷம் கேட்பாள். நீ பார்த்தால் அந்தக் கம்பெனி மிஷினைத்தான் பார்ப்பாய் என்பேன். கடைசியில் பீம்ராவ் ஒரு வாக்கு வாங்கினார். அந்த ஆளை வெளியே நிறுத்தின அன்றோடு என் கணக்கு முடிய வேண்டும், அடுத்த திட்டத்தை அவரும் மதியும்தான் போடுவார்கள் என்று. மதியின் தலையில் கை வைத்துச் சரி என்றேன்.

ரெண்டாயிரத்தஞ்சில் அந்தக் கம்பெனி முதலாளி மனோகரனே எனக்குப் போன் செய்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் கைவிட்டுப் போய்விடும், நீங்கள்தான் கைதூக்கிவிட வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டுச் சமையல்கட்டில் தனியாக நின்று சிரித்தேன்.

கேட்டை அகலத் திறந்து எனக்கு சல்யூட் அடித்தார்கள். சண்முகவேல் தலை முழுக்க நரைத்துப் போய் அதே நாற்காலியில் இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தினமும் மேடம், மேடம் என்று டீ வாங்கிக் கொடுத்தார். இன்றைக்காவது தெரியும், நாளைக்காவது தெரியும் என்று அவர் எதிரிலேயே போய்ப் போய் உட்கார்ந்தேன். என் பிழைப்பைக் கெடுத்தவனுக்கு என் முகம்கூட ஞாபகமில்லை என்றதும் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

அங்கே நான் கண்ட குறைகளில் பாதி முதலாளியின் கஞ்சத்தனத்தால் வந்தவை. உலையின் சூட்டைக் காட்டுகிற கருவி கெட்டுப்போய்க் கிடந்தது, அதை மாற்றச் சொல்லிச் சண்முகவேல் பலமுறை கேட்டும் அவர் மாற்றவில்லை. எல்லாம் தெரிந்தே மொத்தத்தையும் சண்முகவேல் தலையில் கட்டினேன். இந்த மனிதரை வைத்துக்கொண்டு சான்றிதழ் கிடைக்காது என்று மனோகரனிடம் நேராகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் மேடம் என்றார்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு என்னைச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். பீம்ராவையும் மதியையும் கூட்டிக்கொண்டு போனேன். மனோகரன் எனக்குச் சால்வை போர்த்தினார். மதி ஒவ்வொரு மிஷினாகத் தொட்டு, இது என்ன, அது என்ன என்று என் கையை இழுத்தாள். அத்தனை நேரம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான்.

நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்முகவேல் பாவாடை சட்டை போட்ட பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் குறுக்கே நின்று பேர் இல்லை என்றான். அவர் சிரித்தார். விளையாடுகிறான் என்று நினைத்துத்தான், நான் சிரித்தது போலவே.

மதியின் கையை விட்டேன். ஒரு பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கம்பி வழியாக நீட்டினேன்.

"வீட்டுல இருந்து பேத்தியப் பாத்துக்கங்க சார். ஞாபகம் இருக்கா? ஆயுத பூசை, கைக்குழந்தை. இப்படித்தான் நீட்டுனீங்க."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எந்த வருசம்மா?"

தொண்ணூற்றெட்டு என்றேன். அவருக்கு அப்போதும் பிடிபடவில்லை.

"வருசா வருசம் ரெண்டு பேராவது இங்க வந்து நிப்பாங்க. போனஸ் மிச்சம்னு மொதலாளி முந்தின நாளே பேரை எடுத்துடுவாரு. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். புள்ளைகுட்டியோட வந்தவங்களை வெறுங்கையா அனுப்ப மனசு வராது. எனக்குன்னு வர்ற பொட்டலத்தைக் குடுத்துருவேன்."

பொய் சொல்கிறான் என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அவர் பேரை எடுத்தது யார்? அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அதே நாள், அதே வாட்ச்மேன், அதே கேட்டு.

அவர் குனிந்து பேத்தியிடம், "பாப்பா, மேடம் குடுக்கறாங்க, வாங்கிக்க" என்றார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பினேன். மனோகரன் ஆபீஸ் படியில் நின்று கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுப் பக்கம் ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. ஏழு வருஷம் நான் தப்பான ஆளைத் துரத்தியிருக்கிறேன், அவருக்கு வேண்டாத ஆளை என் கையாலேயே வெளியேற்றியும் கொடுத்திருக்கிறேன். கிட்டே போனதும், வருகிற வருஷமும் நீங்கள்தான் மேடம் வர வேண்டும் என்றார்.

"கண்டிப்பா வர்றேன் சார்" என்றேன். நன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். திட்டம் போடுவது அவர்கள் முறை. ஞாயிற்றுக்கிழமையில் அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று மதி ஆரம்பித்தாள். பீம்ராவ் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை நிறுத்தினார்.

"இன்னும் முடியலையா?"

"ஆளு மாறிடுச்சி. மொதலாளி. ஒரே ஒரு வருசம் குடு."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மதி எழுந்தாள். கம்பெனியில் கொடுத்த பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள், அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நானும் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"நைனா, டீச்சர் இன்னொரு தபா கேட்டா அம்மா இல்லன்னே சொல்லிடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.