தெரியுதுங்க

சண்முகவேலுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமையா இருக்குதுங்க" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார். எருமப்பட்டிப் பக்கத்து மரியாதை அது. நமக்காகப் பாடுபடுகிறவர் முகம் வாடக் கூடாது. அவர் மனைவி ரஞ்சிதாவுக்கும் இந்தக் குணம் பிடித்துத்தான் இருந்தது, அது வீட்டுக்குள்ளேயே வேலையைக் காட்டுகிற வரைக்கும்.

போர்வெல் வண்டியில் டிரில்லராக வடக்கே போனவர் அவர். துளை போடும்போது சத்தத்தை வைத்தே கீழே மண்ணா பாறையா என்று சொல்லிவிடுவார். அங்கே ஒரு மழைநாளில் வடம் அறுந்து இரும்புக் குழாய் முதுகில் விழுந்தது. உயிர் தப்பியது, தண்டுவடம் தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படிப்பட்டவர்களுக்கு ஏதோ புதிதாகச் செய்து பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ரஞ்சிதா அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். முதுகில் பட்டை ஒட்டி, லேசாக மின்சாரம் விட்டபடியே உடற்பயிற்சி கொடுப்பார்கள். சில மாதம் கழித்து, பலன் தெரிகிறவர்களை அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அத்தோடு முடிந்தது. "இதை வைத்தியம்னு நினைச்சுக்காதீங்க. வைத்தியமாகுமான்னு பார்க்கிற ஆராய்ச்சிதான் இது" என்று டாக்டர் மெர்லின் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். ரஞ்சிதா தலையை ஆட்டினாளே தவிர, அவள் காதில் விழுந்தது வைத்தியம் என்ற சொல் மட்டும்தான். ஆசை பிடித்த மனசுக்கு வேறு என்ன கேட்கும்?

மெர்லினைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரம் தவறினாலும் சண்முகவேலின் பாதத்தைத் தன் கையாலேயே பிடித்து நடைக்கம்பிகளுக்கு நடுவே எடுத்து வைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு குனிய மாட்டார்கள்.

சோதனை நாள் வந்தது. சண்முகவேல் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள, மெர்லின் பஞ்சாலும் ஊசியாலும் காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். இடையிடையே தொடாமலேயே சும்மாவும் கேட்டார். "தெரியுதாங்க?"

"தெரியுதுங்க."

"இப்போ?"

"இப்பத் தொடலீங்க."

எல்லாம் சரியாக இருந்தது. கட்டில் ஓரம் நின்ற ரஞ்சிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்த அழுகை, அங்கேயே கொட்டித் தீர்ந்தது.

வீட்டில் தினமும் நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துணியை நனைத்து அவர் காலுக்கு ஒத்தடம் கொடுப்பாள். முதலில் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இனி அதெல்லாம் எதற்கு? அவருக்குத்தான் உணர்ச்சி வந்துவிட்டதே.

"ஏனுங்க, சூடு பொறுக்குதுங்களா?"

"பொறுக்குது புள்ள. நல்லா எதமா இருக்குது."

மறுநாள் விடிந்ததும் கால்சட்டையை மாற்றப்போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்காலில் தோல் நீர்கோத்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அவரோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைங்களா?"

அவர் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டார்.

"அப்ப அங்க மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா குனியறப்ப சட்டைக்கை உரசற சத்தம் கேக்கும்" என்றார் மெதுவாக. "அவ்வளவு பாடுபட்டாங்க. நீ வேற எதிர்த்தாப்புல நின்னுட்டிருந்த. எப்படிப் புள்ள இல்லைங்கறது?"

ரஞ்சிதாவுக்கு வந்த கோபத்தில் வாளியை வாசலில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். வெந்த காலைப் பார்த்ததும் அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பியது. வெந்நீர் வைத்த கை அவளுடையதல்லவா?

விஷயத்தைச் சொன்னால் சிகிச்சையில் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் அடுத்த கட்டத்தில் இருப்பார், ஒருவேளை மெய்யாகவே குணமாகலாம். அவள் மனசு இரண்டு பக்கமும் இழுபட்டது. புண்ணுக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியோடு காத்திருந்தவர்களைப் பார்த்தாள். கூட வந்திருந்த பெண்கள் எல்லோர் முகத்திலும் அவள் முகமே இருந்தது. அதற்குப் பிறகு அவளால் மறைக்க முடியவில்லை. மெர்லினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மெர்லின் திட்டவில்லை. புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் பேசினார். "இவர் சொன்னதை வெச்சு இது பலன் கொடுக்குதுன்னு நான் எழுதியிருப்பேன். அதை நம்பி இன்னொரு ஊட்டுக்காரம்மா வெந்நீரை வெச்சிருப்பாங்க." பழைய சோதனைத் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். "நானும் சரியா சோதிக்கலை. முதல்லேர்ந்து பார்க்கணும். இல்லைன்னா இல்லைதான், ரஞ்சிதா. ஆராய்ச்சியை விட்டு வெளியே அனுப்ப வேண்டி வரும்."

"ஆகட்டுங்க" என்றாள்.

இந்த முறை ரஞ்சிதாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மட்டும் கேட்டது.

"இல்லீங்க."

"இல்லீங்க."

"இல்லீங்கம்மா."

வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சேர்த்துச் சொல்கிறவர் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளுடைய ஆசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆனாலும் அந்த மனுஷனை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிறகு, "இங்க தெரியுதுங்க" என்று கேட்டது.

ரஞ்சிதாவுக்குச் சுருக்கென்று எரிச்சல்தான் வந்தது. ஆரம்பித்துவிட்டார் மறுபடியும்.

நெடுநேரம் கழித்து மெர்லின் வெளியே வந்தார். "இடது தொடையில, இடுப்பை ஒட்டி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இருக்கு. முன்னாடி அங்க இருந்ததில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன், மாத்திச் சொல்லலை. நடந்துடுவாருன்னு அர்த்தமில்லை. ஆனா இது நிஜம். தொடர்ந்து பார்க்கலாம்."

ரஞ்சிதாவுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. இருந்த கண்ணீரையெல்லாம் அன்றைக்குப் பொய்க்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். உள்ளே போனாள். அவர் கண்ணை இன்னும் திறக்காமல் படுத்திருந்தார்.

"நீயும் தொட்டுப் பாரு" என்றார்.

அவள் கண்ணாடி வளையல்களைக் கலகலக்காதபடி முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைக் கொண்டுபோனாள். இடது தொடையில் படவிடாமல் ஒரு விரற்கடை மேலேயே நிறுத்தினாள்.

"தொட்டுட்டனுங்க. தெரியுதுங்களா?"

அவர் முகம் சுருங்கியது. அவள் ஆசையோடு கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"இல்ல புள்ள" என்றார். "தெரியல."

ரஞ்சிதா கையை அவர் தொடையில் வைத்து, அதன் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.