ஆபித் பாஷா வளர்த்த ஈரல்

ஆபித் பாஷா ஆம்பூர் தோல் மண்டியில் தரம் பிரிப்பவர். தோலைத் தடவியே அந்த ஆடு எந்தப் பக்கம் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். உயிரோடு நிற்கிற ஆட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது 1929 பக்ரீத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது.

முந்தின பக்ரீத்துக்கு அக்காள் அஜீஸுன்னிசாவுக்கு அவர் அனுப்பிய கறிப் பங்கில் எல்லாம் எலும்பு. கவனக்குறைவுதான். ஆனால் அக்காள் ஒரு வருஷம் அவர் வாசலை மிதிக்கவில்லை. ஆள்மேல் ஆள் அனுப்பி இந்த வருஷம் வரச் சம்மதிக்க வைத்தார். பெருநாளன்று வெறும் வயிற்றோடு தொழுதுவிட்டு, குர்பானி கொடுத்த ஆட்டின் ஈரலில்தான் முதல் வாய் வைப்பது அவர்கள் வழக்கம். அந்த முதல் துண்டு அக்காளுக்கு என்று முடிவு கட்டினார்.

அதற்கென்றே முன்கூட்டி ஓர் ஆடு வாங்கினார். விற்ற ஆலங்காயம் ராமலிங்கம் அப்போதே சொன்னார்: "தழை போடுங்க பாய், கொஞ்சம் துவரம் பொட்டு போடுங்க. எண்ணெ, நெய்யெல்லாம் வாணாம். ஈரல் தாங்காது."

"இன்னாப்பா, ஆடு கொழுத்தா உனக்கு பேஜாரா?"

கடலைப் பிண்ணாக்கு, அதன்மேல் நல்லெண்ணெய், சாயங்காலம் நெய் உருண்டை. ஆடு பெருத்தது. கண் பட்டுவிடும் என்று மனைவி பில்கிஸ் அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினாள். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் ஆடு தீனியைக் குறைத்தது. புத்தியுள்ளவன் நெய்யை நிறுத்துவான். இவர் வாயைப் பிளந்து ஊட்டினார்.

பெருநாளன்று ஆட்டை அறுத்தபோது தோலுக்கடியில் விரல் கனத்துக்குக் கொழுப்பு. ஆபித் பாஷாவுக்கு வாயெல்லாம் பல். கசாப்புக்காரர் ஈரலை எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அது வெளிறிய மஞ்சளாக இருந்தது. அழுத்தினால் விரல் உள்ளே போனது.

"தின்ன கொழுப்பெல்லாம் இங்க வந்து தங்கிடுச்சி பாய். கறி கெடல. இத பொதைச்சிடுங்க."

உள்ளே அக்காள் எதுவும் சாப்பிடாமல் காத்திருந்தாள்.  ஆபித் பாஷா ஈரலை அப்படியே தட்டில் வைத்து அவள் முன்னால் கொண்டுபோனார்.

"ஆபா, உனக்குன்னுதான் ஊட்டி ஊட்டி வளர்த்தேன். நானே கெடுத்துட்டேன்."

அக்காள் தட்டைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"போன வருஷம் எலும்பு. இந்த வருஷம் கொழுப்பு. நடுவுல கறின்னு ஒண்ணு இருக்குதுடா, மடையா."

காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பில்கிஸ், ரெண்டு துண்டு கறி வறும்மா. நெதானமா வறு. நான் எங்கயும் போவல."