உப்பில்லாத பதினெட்டு நாள்

நகரியில் விசைத்தறி ஓட்டுகிற மணிவேல், திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெண்டாட்டி பெயர்கூட நினைவில்லாமல் கிடந்தான். ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டதாம். முந்தின நாள் முழுக்க வாந்தியெடுத்தவனைத் தாங்கித் தாங்கி, தேவசேனாவுக்குத் தோள் இருப்பதே தெரியவில்லை.

"எப்போலேர்ந்தும்மா?" என்று டாக்டர் கேட்டபோது, "நேத்துலேர்ந்துதான் சார். அதுவரைக்கும் நல்லாதான் துன்னுக்கினு இருந்தாரு" என்று சொல்லிவிட்டாள்.

நன்றாகத் தின்றானா? மகளுக்கு இரண்டுமுறை தங்காத கரு இந்தமுறையாவது தங்கட்டும் என்று, காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு இருபத்தோரு நாள் உப்பில்லாச் சோறு வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. தறிக்கொட்டகைச் சூட்டில் உடம்பு உப்பெல்லாம் வியர்வையாய் வடிய, வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தே பதினெட்டு நாளை ஓட்டிவிட்டான்.

நர்ஸ் மோனிகா உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிட்டாள்.

"வேகமா ஏத்தச் சொல்லிட்டாருக்கா."

"வேகமா ஏத்தினா சீக்கிரம் தெளிஞ்சிடுவாராம்மா?"

"நேத்து வந்ததுன்னா தெளிஞ்சிடுவாரு. கடலைய தண்ணியில போட்டா ஊறி உப்புது இல்ல? மாங்காய்ல உப்பு போட்டா தண்ணி விட்டு சுருங்குது இல்ல? ரத்த அணுவும் அப்படித்தான், மூளையும் அப்படித்தான். ரத்தத்துல உப்பு கம்மியானா தண்ணி உள்ள பூந்து உப்பிக்கும். ஆனா பல நாளா கம்மியாய்க்கினே வந்திருந்தா, மூளை அதுக்குப் பழகிடும். அப்போ திடுக்குனு உப்ப ஏத்தினா சுருங்கிப் போயி, கை காலு, பேச்சு எல்லாம் போனாலும் போயிடும்."

சொல்லிக்கொண்டே, சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தில் விரலை வைத்தாள்.

தேவசேனாவுக்கு மகளின் ஐந்து மாத வயிறு கண்ணில் வந்து நின்றது. அதையே பார்த்தபடி எட்டி மோனிகாவின் கையைப் பிடித்தாள்.

"திருப்பாதம்மா. பதினெட்டு நாளா உப்பே துன்னல. வேண்டுதல்."

மோனிகா சக்கரத்திலிருந்து விரலை எடுத்தாள். "காலையிலயே செப்பக்கூடாதாக்கா?" என்றவள் டாக்டரைத் தேடி ஓடினாள்.

திரும்பி வந்ததும் மறுபடி ரத்தம் எடுத்தாள். பிறகு சக்கரத்தை மெள்ளத் திறந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"ரெண்டு மூணு நாளாவும்க்கா. உக்காந்துக்கினே இருப்பியா?"

"இருக்கேன். தறிய வேகமா ஓட்டினா நூலு அறுந்துடும்னு எங்களுக்குத் தெரியாதா?"

மூன்றாம் நாள் மணிவேல் கண் திறந்து, "தேவசேனா" என்றான். அவள் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள்.

"உப்பு போட்டியா?"

"போட்டேன். வேண்டுதலையும் நர்ஸுகிட்ட சொல்லிட்டேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"பொண்ணு போன் பண்ணுச்சா?"

"காலையில பண்ணுச்சு. வயித்துல உதைக்குதாம்."

மணிவேல் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.